ரைபோசோம் எந்த எழுத்தில் தொடங்குகிறது?

கேள்வி: தூது ஆர்.என்.ஏ.வைப் படித்து ரைபோசோம் புரதம் செய்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட இழையில் எங்கே தொடங்குவது என்று அதற்கு எப்படித் தெரியும்? முதல் எழுத்திலிருந்தா படிக்கும்?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

பதில்: நல்ல இடம் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். 1978இல் அமெரிக்க விஞ்ஞானி மர்லின் கோசாக் ஏறத்தாழ இதே கேள்வியைத் தன் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பாகவே வைத்தார்.

முதல் எழுத்திலிருந்து படிப்பதில்லை. மனித செல்லின் தூது ஆர்.என்.ஏ.வில் முன்பகுதி பல சமயம் நூறு எழுத்துகளைத் தாண்டும். புரதத்துக்கான செய்தி அதற்குப் பிறகு, ஏ-யூ-ஜி என்ற மூன்று எழுத்துகளில்தான் ஆரம்பிக்கும். அப்படியென்றால் ரைபோசோம் நேரே ஏ-யூ-ஜி மேல் போய் உட்கார்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் சரியில்லை. ஏ-யூ-ஜி இழை நெடுகப் பல இடங்களில் வரும். தவறான ஒன்றில் தொடங்கினால் எழுத்துகளை மும்மூன்றாகப் பிரிக்கும் கணக்கே பிசகிவிடலாம். வேண்டிய புரதம் கிடைக்காது.

ரைபோசோம் வருவதற்கு முன்பே சில புரதங்கள் இழையைப் பிடித்துக்கொள்கின்றன. இவை தொடக்கக் காரணிகள், அதாவது தொடக்கத்துக்கு மட்டும் உதவிவிட்டு விலகிவிடும் புரதங்கள். இழையின் தொடக்க முனையில் மெத்தில் ஏற்றிய குவானோசின் ஒன்று தலைகீழாக மாட்டியிருக்கும்; அதற்குத் ‘தொப்பி’ என்று பெயர். ‘4ஈ’ என்ற காரணி, தன் இரண்டு டிரிப்டோபேன் அமினோ அமிலங்களுக்கு நடுவே அந்தத் தொப்பியை இறுக்கிப் பிடிக்கிறது. மெத்தில் இல்லையென்றால் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும்; இவ்வளவு சின்ன வேறுபாட்டை ஒரு புரதம் உணர்வது எனக்கு இன்றும் வியப்புதான். 4ஈயோடு ‘4ஜி’ என்ற பெரிய புரதம் சேர்கிறது. கூடவே வரும் ‘4ஏ’ காரணி, ஏ.டி.பி.யைச் செலவழித்து இழையின் மடிப்புகளைப் பிரித்துவிடுகிறது.

ரைபோசோம் இரண்டு துண்டுகளாலானது. சின்னத் துண்டு மட்டும் முதலில் வந்து, 4ஜியின் துணையோடு தொப்பியருகே ஏறுகிறது. மெத்தியோனின் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ. அதனிடம் தயாராக இருக்கும். பிறகு அரிசியில் கல் பார்ப்பதுபோல எழுத்தெழுத்தாக நகர்ந்து தேடுகிறது. ஏ-யூ-ஜி வந்ததும் கடத்து ஆர்.என்.ஏ.வின் மூன்று எழுத்துகள் அதனோடு பொருந்துகின்றன; காரணிகள் கழல்கின்றன; பெரிய துண்டு வந்து மூடுகிறது. அக்கம்பக்கத்து எழுத்துகளும் முக்கியம். ஏ-யூ-ஜி-க்கு மூன்று எழுத்து முன்னால் ஏ அல்லது ஜி-யும், ஏ-யூ-ஜி-யை அடுத்தாற்போல் ஜி-யும் இருந்தால் பொருத்தம் உறுதி. இல்லையென்றால் சில சமயம் அந்த ஏ-யூ-ஜி-யைத் தாண்டிப் போய்விடும்.

பாக்டீரியாவில் தொப்பி கிடையாது. அங்கே பெரும்பாலும் ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.வே தூது இழையின் ஒரு சிறு பகுதியோடு இணைசேர்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஷைனும் லின் டால்கார்னோவும் 1974இல் சொன்னது இது.

தொப்பி வழியான பிடிமானம் மனித செல்லுக்கு எவ்வளவு முக்கியம் என்பது போலியோ வைரஸுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே நுழைந்ததும் 4ஜியை இரண்டாக வெட்டிவிடுகிறது. செல்லின் தொப்பியுள்ள இழைகளுக்கு ரைபோசோம் வந்துசேர்வது தடைபடுகிறது. வைரஸின் இழைக்கோ தொப்பியே தேவையில்லை. தன் முன்பகுதி மடிப்புகளால் 4ஜியின் மிச்சத் துண்டைப் பிடித்து ரைபோசோமை இழையின் நடுவிலேயே இறக்கிக்கொள்கிறது. ஜெர்ரி பெல்லெட்டியரும் நஹும் சோனன்பர்க்கும் கனடாவில் இந்தக் குறுக்குவழியை நிறுவியது 1988இல்.