பிரஷர் ஏறினால் உடம்புக்குத் தெரியுமா?

"கோபக்காரருக்குத்தான் பிரஷர் வரும்."

கோபம் வந்தால் பிரஷர் ஏறும்தான். மாடிப்படி ஏறினாலும், சத்தமாகப் பேசினாலும்கூட ஏறும். நல்ல தேகநிலையில் இருப்பவருக்குத் தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இப்படி ஏறி இறங்குவது நோயல்ல, ஏறியபடியே நிற்பதுதான் நோய். சாதுவாக இருப்பவருக்கும் அது வரும்.

"எழுந்ததும் தலை சுத்துது, பிரஷர் ஏறிடுச்சு."

பெரும்பாலும் நடந்திருப்பது நேர்மாறு. பாயிலிருந்து எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கும் நரம்பு நுனிகள், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைத் துடிப்புக்குத் துடிப்பு மூளையின் முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. விரிவு குறைந்த தகவல் போன சில விநாடிகளில் இதயம் வேகமெடுக்கும், சிறு தமனிகள் இறுகும். நாம் அதற்குள் அடுப்படிக்குப் போயிருப்போம். வயதானவர்களுக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இந்த வேலை தாமதப்படும்போதுதான் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது.

"ஏறியிருந்தா தலைவலி வந்திருக்குமே!"

இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. அந்த நரம்பு நுனிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு, அவை பழகிவிடும். பிரஷர் ஓரிரு நாள் உயரத்திலேயே நின்றால் போதும், அந்த உயரத்தையே சரியான அளவாக எடுத்துக்கொண்டு அதைக் கட்டிக்காக்கத் தொடங்கிவிடும். காவல்காரனே திருடனுக்குப் பாய் விரித்த கதை. பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஓர் அறிகுறியும் இருப்பதில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையில் பட்டை கட்டி அளந்தால்தான் தெரியும்.

நாள்கணக்கில் பிரஷரைச் சீராக வைக்கும் பொறுப்பு சிறுநீரகத்துடையது. பிரஷர் கூடினால் உப்பையும் நீரையும் அதிகமாக வெளியேற்றும். குறைந்தால் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதிலிருந்து தொடங்கும் சங்கிலியில் ஆஞ்சியோடென்சின் இரத்தக்குழாய்களை இறுக்கும், ஆல்டோஸ்டீரோன் உப்பைப் பிடித்துவைக்கும். ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற ஆய்வாளர்கள் முயல் சிறுநீரகத்தின் சாற்றை வேறு முயல்களுக்கு ஏற்றி, பிரஷர் ஏறுவதைப் பார்த்து, 1898இல் வெளியிட்ட ஆய்வில் ரெனினுக்குப் பெயர் வைத்தார்கள்.

"தூள் உப்புதான் ஆகாது, இந்துப்பு போட்டுக்கலாம்."

இரண்டிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் சிறுநீரகத்துக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள்; ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

"மாத்திரை ஆரம்பிச்சா உடம்பு அடிமையாகிடும்."

பிரஷர் மாத்திரைகளில் ஒரு பெரும் பிரிவு மேலே சொன்ன ரெனின் சங்கிலியை நடுவில் அறுக்கிறது. நிறுத்தினால் சங்கிலி மறுபடி ஓடும், பிரஷர் பழைய இடத்துக்கே போகும். இதற்குப் பெயர் அடிமைத்தனமா?

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?"

அதிமதுரம் செய்யும். கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்தில் செயலிழக்கவைக்கும் நொதியை அதிலுள்ள கிளைசிரைசின் தடுக்கிறது. தடை நீங்கிய கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரோனின் வேலையைப் பார்க்கத் தொடங்குகிறது. உப்பு தேங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும். எப்போதோ ஒரு துண்டு மென்றால் பயமில்லை. தொண்டைக்கு நல்லது என்று தினமும் வாயில் அடக்கிக்கொள்பவர், மாத்திரைச் சீட்டைக் காட்டும்போது இதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.