நடுவர்மேல் பட்ட பந்து

நம் சங்க மலரில் விளையாட்டைப் பற்றிய கட்டுரை வருவதே அரிது. வந்தாலும் அது வென்றவர்களின் கதையாகவே இருக்கும். நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது வெற்றியிலும் தோல்வியிலும் பங்கில்லாத ஒருவரைப் பற்றி. அவர்தாம் நடுவர். அமெரிக்க நாட்டில் சிறுவர்களும் பள்ளி மாணவர்களும் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில், நடுவருக்கு வேண்டுமென்றே இழைக்கப்படும் தீங்கையும் அதற்குரிய பரிகாரத்தையும் சிறிது ஆராய்வோம்.

கடல் கடந்த நாட்டின் இச்செய்தியில் எனக்கென்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நான் இரண்டு ஆண்டுகளாக இங்கே விடுதி அணியில் பேஸ்பால் ஆடுகிறேன், கேட்ச்சராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்தில், எங்கள் பிட்ச்சரின் நல்ல பந்துகள் இரண்டை நடுவர் ஏற்கவில்லை. எனக்குச் சினம் மூண்டது. அடுத்த பந்து சற்று உயரமாக வந்தது. அது என் கையுறைக்குமேல் சென்று நடுவரின் தோளில் பட்டது. “குறிப்பு மாறிப்போயிற்று” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். உண்மை என்னவெனில், நான் கையை முழுவதும் உயர்த்தவில்லை. அதன் பிறகே இப்பொருளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆட்டத்தின் அமைப்பு

பேஸ்பாலை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். பிட்ச்சர் பந்தை எறிவார். மட்டையாளர் அடிக்க நிற்பார். அவருக்குப் பின்னே கேட்ச்சர் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பார். கேட்ச்சருக்கும் பின்னே, அவர் தோளுக்குமேல் பார்த்தவாறு குனிந்து நிற்பவர் தலைமை நடுவர். அடிக்கப்படாத ஒவ்வொரு பந்தும் உரிய எல்லைக்குள் வந்ததா என்று அவர் சொல்லவேண்டும். எல்லைக்குள் வந்தால் ‘ஸ்டிரைக்’, இல்லையேல் ‘பால்’.

அந்தப் பந்தின் எடை 142 முதல் 149 கிராம் வரை. நம் கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே குறைவு. 12 வயதுச் சிறுவர்களுக்கு எறியும் தூரம் 46 அடி. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். அங்கே தேர்ந்த பிட்ச்சர் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எறிவதுண்டு. கையைவிட்ட பந்து அரை நொடிக்குள் வந்து சேரும். நடுவரோ அசையாமல் நின்று, பந்தைக் கண்ணால் தொடரப் பயிற்சி பெற்றவர். முகக் கவசமும் மார்புக் கவசமும் அவருக்கு உண்டு. எனினும் அவருடைய முதற் கேடயம் கேட்ச்சரே. கேட்ச்சர் விலகிவிட்டால், நடுவர் ஒதுங்குவதற்கு நேரமில்லை.

இதனால் அவ்விருவரிடையே எழுதாத வழக்கம் ஒன்று வளர்ந்திருக்கிறது. மட்டையில் உராய்ந்த பந்து தப்பி வந்து நடுவரைத் தாக்கினால், கேட்ச்சர் எழுந்து பிட்ச்சரிடம் பேசப்போவதுபோல் நடந்து செல்வார். நடுவர் மூச்சு வாங்கிக்கொள்ள அது அவகாசம் தரும். அதேபோல் கேட்ச்சருக்கு அடிபட்டால், நடுவர் முன்னே வந்து தளத்தட்டைத் துடைப்பார். தட்டில் புழுதியே இராது! வலி தணியும்வரை ஆட்டம் நிற்கவேண்டும் என்பதே நோக்கம். ஒருவரை ஒருவர் காக்கும் இவ்வழக்கை நினைத்தால்தான், வேண்டுமென்றே விலகுவது எத்தகைய துரோகம் என்பது விளங்கும்.

நடந்த நிகழ்ச்சிகள்

2008ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநில உயர்நிலைப் பள்ளிகளின் இறுதிச் சுற்றில், வேகப்பந்து வரும்போது கேட்ச்சர் தாழ்ந்துவிட, பந்து நேரே நடுவரின் முகக் கவசத்தில் மோதிற்று. அக்காட்சியின் படம் நாடெங்கும் பரவியது. வேண்டுமென்றே செய்ததா, குறிப்பறியாத குழப்பமா என்று வாதம் எழுந்தது. இத்தீங்கின் தனித்தன்மையே இதுதான். கையால் அறைந்தவனை எல்லோரும் காண்பர். கையை உயர்த்தாதவனை யார் காண்பார்?

ஆனால் மாணவரை மட்டும் குறைகூறுவது நீதியன்று. அவர்கள் வேலிக்கு அப்பால் நிற்கும் பெரியோரைப் பார்த்தே கற்கிறார்கள். 2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கொலராடோ மாநிலத்து லேக்வுட் நகரில் 7 வயதுக் குழந்தைகளின் ஆட்டம் நடந்தது. நடுவராக நின்றவருக்கு வயது 13. அச்சிறுவரின் தீர்ப்புப் பிடிக்காமல், பெற்றோர்கள் களத்தில் இறங்கி ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர். 2022ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தில், பேஸ்பாலின் தங்கையான சாஃப்ட்பால் போட்டியில் 12 வயதுச் சிறுமியர் ஆடினர். வெளியேற்றப்பட்ட ஒரு தாய் காத்திருந்து, பெண் நடுவரின் முகத்தில் குத்தினார், கைதும் ஆனார்.

விளைவு என்ன? 2018–19 பருவத்திற்குப் பின்வந்த மூன்று ஆண்டுகளில், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 50,000 பேர் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நடுவர் பணியைவிட்டு விலகியதாக அப்பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு அறிவித்தது. பெருந்தொற்றும் ஒரு காரணந்தான். ஆயினும் வசையும் மிரட்டலும் பெருங்காரணம். நடுவர் இல்லையேல் ஆட்டமும் இல்லை. தண்டனை இறுதியில் குழந்தைகளின் தலையிலேயே விழுகிறது.

செய்யவேண்டுவன யாவை?

முதலாவது, உடல்நலம். பந்து பட்டவுடன் நடுவர் ‘டைம்’ என்று கூறி ஆட்டத்தை நிறுத்தவேண்டும். தலையில் அடிபட்டிருந்தால் வீரம் காட்டலாகாது. மயக்கமும் குழப்பமும் சிறிது நேரம் கழித்தும் தோன்றலாம். ஐயம் இருந்தால் அன்று தொடராமல், துணை நடுவரிடம் பொறுப்பை ஒப்படைத்து மருத்துவரைக் காண்பதே அறிவுடைமை.

இரண்டாவது, சினத்தில் பேசலாகாது. அடிபட்டவரே தீர்ப்பும் சொல்லவேண்டிய இடம் இது. ஆகையால் சில கணங்கள் விலகி நின்று, துணை நடுவர் கண்டதையும் கேட்கவேண்டும்.

மூன்றாவது, நோக்கத்தை அடையாளங்களால் அறியவேண்டும். கேட்ச்சர் பந்தைப் பிடிக்க முயன்றாரா? கையுறை பந்தை நோக்கிச் சென்றதா, விலகிச் சென்றதா? சற்றுமுன் தீர்ப்பைப் பற்றிச் சச்சரவு உண்டா? பட்டபின் ஓடிவந்து நலம் கேட்டாரா, தம் அணியினரைப் பார்த்து நகைத்தாரா? ஓர் அடையாளம் மட்டும் போதாது. பல சேர்ந்தால் ஐயம் நீங்கும்.

நான்காவது, தெளிவு பிறந்தால் தயங்கலாகாது. விளையாட்டுப் பண்புக்கு மாறாக நடப்பவரை வெளியேற்ற நடுவருக்கு விதி உரிமை தருகிறது. எறிந்தவரும் உடந்தையானால் அவரையும், ஏவியது பயிற்சியாளரானால் அவரையும் வெளியேற்றலாம். 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் தோன்றிய லிட்டில் லீகின் விதிப்படி, வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்திலும் கலந்துகொள்ள முடியாது. தெளிவு பிறக்காவிட்டால் பயிற்சியாளரை அழைத்து, நடந்ததைச் சொல்லி எச்சரிக்கவேண்டும். ஐயத்தின்மேல் ஒரு சிறுவனைக் குற்றவாளி ஆக்குவதும் நடுவுநிலைமை ஆகாது.

ஐந்தாவது, அன்றே எழுதிவைக்கவேண்டும். எந்தச் சுற்று, என்ன எண்ணிக்கை, எங்கே பட்டது, யார் என்ன சொன்னார் என்பனவே வேண்டும், வசைமொழி வேண்டா. கையால் தாக்குதல் நடந்தால் காவல்துறைக்குச் சொல்வதே முறை. அந்நாட்டில் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் விளையாட்டு நடுவர்களைத் தாக்குவோர்க்கெனத் தனிச் சட்டம் வகுத்திருக்கின்றன.

இவையெல்லாம் தீங்கு நடந்தபின் செய்வன. வருமுன் காப்பது பெரியோர் கையில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் டெப்ட்ஃபர்ட் என்னும் ஊரின் சிறுவர் பேஸ்பால் அமைப்பு 2023ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தது. பெற்றோரின் வசை பொறாமல் நடுவர்கள் சிலர் விலகவே, நடுவரை இகழும் பெற்றோர் மூன்று ஆட்டங்களுக்குத் தாமே நடுவராக நின்றபின்தான் மீண்டும் ஆட்டம் பார்க்க வரலாம் என்று விதித்தது. அபராதம் விதித்திருந்தால் பணத்தைக் கட்டிவிட்டு மறுபடியும் வந்து கூவுவார்கள். அந்த இடத்தில் ஒரு நாள் நின்றவர்க்கோ வாய் தானே அடங்கும்.

இதைப் படித்த அன்றே, என் பந்து தோளில் பட்ட அந்த நடுவரைத் தேடிப் போனேன். அவர் வேறொரு விடுதியில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர். உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. தமக்கும் அப்போது ஐயம் இருந்தது என்றும், உறுதி இல்லாததால் எழுதவில்லை என்றும் பிறகு சொன்னார். மூன்று நாள் கையைத் தூக்க முடியவில்லையாம். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. “வருகிற ஞாயிறு பள்ளிச் சிறுவர்களின் ஆட்டம் இருக்கிறது; நடுவராக வந்து நில்லும்” என்றார்.

போனேன். முகக் கவசத்தின் கம்பிகளுக்கு ஊடே பார்த்தால் பந்து தெரிகிறது. ஆனால் எல்லை தெரிவதில்லை. கேட்ச்சராக இருந்தபோது எனக்குப் பளிச்சென்று தெரிந்த கோடு, அங்கே நின்றபோது எங்கோ போய்விட்டது. இரண்டு பந்துகளையாவது தவறாகச் சொல்லியிருப்பேன். ஒரு பையன் திரும்பி என்னை முறைத்தான். அடுத்த பந்து உயரமாக வந்தது. என் உடல் கூசிற்று. அந்தப் பையனின் கை மேலே எழுந்து, பந்தைப் பிடித்தது.

நண்பர்களே, நம்மில் பலர் கிரிக்கெட்டோ கால்பந்தோ கபடியோ ஆடுகிறோம்; ஆடாதவர் ஓரத்தில் நின்று கூவுகிறோம். நடுவர் தவறு செய்வார், அவரும் மனிதரே. முறையீடு செய்யத் தலைவன் இருக்கிறான், விதியும் இருக்கிறது. அந்த வழியை விட்டு, அவர் நம்பி நிற்கும் இடத்திலிருந்து நாம் விலகலாகாது. நான் ஒருமுறை விலகினேன். இனி விலகமாட்டேன்.