கல்லாவை விட்டு எழுந்த பிறகு



வியாபாரிகளாகிய நாம் வரவு செலவை நாள் தவறாமல் எழுதுகிறோம். யார் எவ்வளவு பாக்கி என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் கல்லாவை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் நம் பெரியவர்களின் கணக்கை மட்டும் நாம் எழுதிப் பார்ப்பதில்லை. அதைச் சிறிது ஆராய்வோம்.

கடையில் இருப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறார்? ரொட்டி கொண்டுவருபவர், லாரிக்காரர், பக்கத்துக் கடைச் சீனத் தவுக்கே, கடன் சொல்லும் வாடிக்கைக்காரர், தொழுகைக்குக் கூப்பிட வரும் கூட்டாளி என்று ஐம்பது பேருக்குக் குறையாது. கடையை விட்ட மறுநாள் அந்த ஐம்பது பேரும் இல்லை. சோற்றுக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம்.

முன்பு சிங்கப்பூரில் நம்மவர் பலருக்குக் கீழே கடை, மேலே குடியிருப்பு. படியிறங்கினால் மனிதர்கள். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டபின் குடும்பங்கள் தீவெங்கும் பரவின. இன்று கடை சிராங்கூன் ரோட்டில், வீடு உட்லண்ட்ஸிலோ தெம்பனிஸிலோ. வீடு வசதிதான். கதவைச் சாத்திவிட்டால் பெரியவர் தனி ஆள்.

தனிமை உடலையும் அரிக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். ஆண்டுதோறும் 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கு மேற்பட்ட மரணங்களுக்கு அதனோடு தொடர்பு உண்டு. 2024-இல் லான்செட் மருத்துவ ஏட்டின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிவிடும், மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று எண்ணிச் சொன்னது. பிறரோடு பழகாமையும் காது மந்தமும் அவற்றில் அடங்கும்.

இதற்கு, "வெளியே போய் வாருங்கள் அத்தா" என்று சொன்னால் போதாது. ஆயுள் முழுதும் ஒரு காரியத்தின் பேரில் மனிதரைப் பார்த்துப் பழகியவருக்குச் சும்மா போய் உட்காரக் கூச்சமாயிருக்கும். அவருக்கு வேண்டியது ஒரு பொறுப்பு. அவர் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இருக்க வேண்டும். அதற்கு நமக்குத் தெரிந்த வழிகள் சில:

ஒன்று: கடையை ஒரே நாளில் அவரிடமிருந்து பிடுங்கிவிடலாகாது. வாரத்தில் 2 நாள், குறித்த நேரம், குறித்த வேலை என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரியிடம் பேசுவது, புதுப் பையனுக்குச் சரக்குப் பார்க்கப் பழக்குவது அவருக்கு ஏற்றவை. ஆனால் கல்லாவிலும் ஆட்கள் மீதும் அதிகாரம் மகனுக்கே. இரண்டு முதலாளிகளை ஒரு கடை தாங்காது.

இரண்டு: பள்ளிவாசல். சௌத் பிரிட்ஜ் ரோட்டில் 1826-இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளியும், டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளியும் நம்மவர் கூடும் இடங்கள். 60 வயதானால் பஸ்ஸிலும் ரயிலிலும் சலுகைக் கட்டணம் உண்டு. தொழுததும் கலைந்துவிடாமல், நோயாளிகளைப் பார்த்துவரும் வேலையைப் பெரியவர்களிடம் கொடுக்கலாம். நோன்புக் கஞ்சிக்கு அரிசி எவ்வளவு, தேங்காய் எவ்வளவு என்று அவர்களைக் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள்.

மூன்று: குடியிருப்புப் பேட்டைகளிலுள்ள துடிப்புடன் மூப்படைதல் நிலையங்கள். 60 வயதானவர்கள் அங்கே உடற்பயிற்சி செய்யலாம், சேர்ந்து உண்ணலாம், தொண்டும் செய்யலாம். ஆண்கள்தாம் தயங்குகிறார்கள். பாஷை தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். கடையில் நாற்பது வருஷம் பேசிய பசார் மலாய் போதும். முதல் நாள் மகனோ கூட்டாளியோ உடன் போவது நல்லது.

நான்கு: காது. சபையில் மௌனமாக இருப்பவரைக் கோபக்காரர் என்று நினைத்துவிடுகிறோம். பல சமயம் பேச்சு விளங்காததே காரணம். மருத்துவரிடம் காட்டிக் கருவி வாங்கித் தந்தால் பழைய மனிதர் திரும்பி வருவார்.

ஐந்து: தாய்மார்களை மறக்கலாகாது. அடுப்படியை மருமகளிடம் கொடுத்தபின் அவர்களுக்கும் இதே நிலைதான். அக்கம்பக்கத்துப் பெண்களோடு வாரம் ஒருமுறை ஓதுவதற்கோ தைப்பதற்கோ கூடினால், அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள்.

நாற்பதைக் கடந்த நமக்கும் இதில் பாடம் உண்டு. கொடுக்கல் வாங்கல் இல்லாமல் நம்மைத் தேடி வருபவர் எத்தனை பேர்? ஐந்து விரலுக்குள் அடங்கினால், இப்போதே முதல் போட்டுச் சேர்க்க வேண்டும். கடையை விட்ட பிறகு புதுக் கூட்டாளி தேடுவது கஷ்டம்.

இந்த வாரமே, நம் தெருவில் கடை வைத்திருந்து ஓய்ந்துபோன ஒரு பெரியவர் வீட்டுக்குப் போவோம். நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஒரு யோசனை கேட்போம். அடுத்த வாரம் வருகிறோம் என்று கிழமையைச் சொல்லிவிட்டு எழுவோம். சொன்ன கிழமையில் தவறாமல் போவோம்.