மெஷினுக்கு உன் எடை தெரியாது

அன்புள்ள முகிலனுக்கு,

ஜிம்மிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 30 நிமிடம், 1,800 படி, 112 மாடி, 360 கலோரி. உன் அத்தை 112 மாடியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். என் கண் போனது கலோரியின் மேல்தான்.

அந்தப் படியேறும் மெஷின் நேராக எண்ணுவது நேரத்தையும் படியையும் மட்டும். மாடி என்பது அது 16 படிக்கு ஒன்று என்று வகுத்துச் சொல்வது. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஓட்டப்பந்தயம் நடக்கும் 86 மாடிக்கு 1,576 படிகள். மாடிக்குப் பதினெட்டுக்கும் மேல். அந்தக் கணக்கில் உன் 112, 98 ஆகிவிடும். அதனால் மாடியை விட்டுவிடு, படியைப் பிடித்துக்கொள்.

இப்போது கலோரி. ஒரு படி சுமார் 20 செ.மீ. என்றால் 1,800 படிக்கு 360 மீட்டர். உன் 60 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்கும் வேலை வெறும் 50 கலோரிதான். ஆனால் உடம்பு எரிப்பதில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி சூடாகப் போய்விடும். ஆக 200-250. இந்த மெஷினுக்கு வழக்கமாகச் சொல்லும் 9 மெட், அதாவது சும்மா இருக்கும்போது ஆகும் செலவைப் போல் 9 மடங்கு, என்ற அளவை வைத்துப் பெருக்கினால் 270. அதிலும் நீ சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 30 அடக்கம். அப்புறம் 360 எங்கிருந்து வந்தது? 80 கிலோ ஆளுக்குப் போட்டால் சரியாக அதே எண் வருகிறது. தொடக்கத்தில் எடை கேட்டபோது நீ அவசரமாக அடுத்த பட்டனை அழுத்தியிருப்பாய் என்று நினைக்கிறேன். அந்த 360-ஐ நம்பி பரோட்டா கடைக்குள் நுழையாதே.

எடையைச் சரியாகக் கொடுத்தாலும் ஒன்று அதற்குத் தெரியாது: உன் கை. படத்தின் ஓரத்தில் உன் முழங்கை விறைப்பாகக் கைப்பிடியை ஊன்றியிருக்கிறது. கையில் 15 கிலோ இறங்கினால் கால் தூக்குவது 45தான். திரையோ 60-க்கே கணக்கு எழுதும். வேகத்தைக் கூட்டிவிட்டுக் கைப்பிடியில் தொங்குகிறவர்கள் எல்லா ஜிம்மிலும் உண்டு; எண் ஏறும், கால் ஏறாது. சமநிலைக்கு விரல் நுனி பட்டால் போதும், தப்பில்லை.

நாடித்துடிப்பிலும் இந்தக் கைப்பிடிதான் குறுக்கே வரும். அதைப் பிடித்தால்தான் மெஷின் துடிப்பைக் காட்டும். மார்பில் கட்டும் பட்டை இருந்தால் நல்லது. 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பார்கள். 22 வயதுக்கு 198. அது பலரின் சராசரி. உனக்குப் பத்துக்கு மேலேயே கூடலாம், குறையலாம். அதை எட்டிப்பிடிக்கக் கிளம்பாதே. தலை சுற்றினாலோ நெஞ்சு கனத்தாலோ உடனே இறங்கிவிடு.

நீ குறித்துவைக்க வேண்டியது இரண்டுதான்: நிமிடத்துக்கு எத்தனை படி, அப்போது துடிப்பு எவ்வளவு. அதே 60 படிக்கு இன்று 165 துடிப்பு, இரண்டு மாதத்தில் 150 என்றால் உடம்பு தேறியிருக்கிறது. ‘லெவல் 8’ என்று எழுதிவைக்காதே, மெஷினுக்கு மெஷின் அது மாறும்.

அடுத்த முறை கையை ஊன்றாமல் பத்து நிமிடம் ஏறு. நிமிடத்துக்கு 60 படி முடியாவிட்டால் 45-க்கு இறக்கிக்கொள். அந்தப் படத்தை அனுப்பு.

அன்புடன்,
மாமா