நோவு தணிக்கும் மருந்தும் பரீட்சை வினாக்களும்

பலமுறை இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களில் இருந்தும் பிள்ளைகள் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து தாதியர் பயிற்சிக்குச் செல்கின்றார்கள். மருந்துகளின் பெயரும் அளவும் மனப்பாடமாக இருந்தும், வலிநிவாரணி பற்றிய வினாக்களில் அவர்களுட் பலர் தடுமாறுகின்றனர். இவ்வினாக்கள் நினைவாற்றலை மட்டும் சோதிப்பன அல்ல என்பதே அதற்குக் காரணம். எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கையே அவை சோதிக்கின்றன. அந்த ஒழுங்கு நான்கு சொற்களில் அடங்கும்: கேள், பார், கொடு, மீண்டும் பார்.

ஐந்து வினாக்களைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம். பெற்றோரும் உடனிருந்து வாசிக்கலாம். வீட்டுக்கும் இது உதவும்.

வினா 1: சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நோவு பத்துக்கு எட்டு என்கிறார் நோயாளி. ஆனால் உறவினருடன் சிரித்துக் கதைக்கிறார். சுவாசமும் இரத்த அழுத்தமும் சீராக உள்ளன. வைத்தியர் எழுதிய மருந்துக்கு நேரமும் வந்துவிட்டது. தாதி என்ன செய்ய வேண்டும்?
(அ) சிரிப்பதால் காத்திருத்தல் (ஆ) அரைவாசி கொடுத்தல் (இ) எழுதியபடி கொடுத்து, பின் மீண்டும் கேட்டல் (ஈ) மருந்துக்காக நடிக்கிறார் எனப் பதிதல்

விடை (இ). நோவின் அளவைச் சொல்லக்கூடியவர் நோயாளியே. இதனை அமெரிக்கத் தாதி மார்கோ மெக்காஃபரி 1968ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். இன்று உலகெங்கும் தாதியர் கல்வியில் இது அடிப்படைப் பாடம். கேட்பதும் பார்ப்பதும் வினாவிலேயே முடிந்திருப்பதால் அடுத்த படி கொடுப்பதுதான். அவை முடியாதிருந்தால் அவற்றையே முதலில் தெரிவுசெய்ய வேண்டும்.

வன்னியில் இதன் மறுபக்கமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பிலும் புதுமாத்தளனிலும் காயப்பட்டவர்களுக்கு மயக்க மருந்தும் வலிநிவாரணியும் போதாமல் இருந்தன. அன்று பல்லைக் கடித்துத் தாங்கியவர்களுள் உடலில் எறிகணைச் சிதறலோடு இன்றும் வாழ்பவர்கள் உள்ளனர். கேட்டால் "பரவாயில்லைப் பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். அத்தோடு விட்டுவிடாமல், "எங்கே நோகுது? குத்துதோ, உளையுதோ, எரியுதோ? இரவில் நித்திரை வருகுதோ?" என்று கேட்க வேண்டும்.

வினா 2: மோர்பின் ஊசி போட்டு ஒரு மணி நேரம். நோயாளியை எழுப்புவது கடினமாக உள்ளது. நிமிடத்துக்கு 8 தடவை மட்டுமே சுவாசிக்கிறார். முதலில் செய்வது என்ன?

நலொக்சோன் என்ற மாற்று மருந்தை எடுக்க ஓடுவதைப் பலர் தெரிவுசெய்வர். பொறி அங்கேதான் இருக்கிறது. முதலில் நோயாளியை விட்டு அகலாமல் தட்டி எழுப்ப முயன்று, உதவிக்கு அழைத்து, சுவாச வழியைத் திறந்து, ஒட்சிசன் கொடுக்க வேண்டும். நலொக்சோன் அதன் பின்னர். வளர்ந்தவரின் சாதாரண சுவாசம் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. சுவாசம் குறையுமுன் பெரும்பாலும் அளவுமீறிய தூக்கம் வரும். நலொக்சோனின் செயல் மோர்பினுக்கு முன்னரே முடிந்துவிடக்கூடும் என்பதால், கண்விழித்த பின்னரும் அவரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வினா 3: பிள்ளையின் நிறை 12 கிலோ. பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பாணிப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றுள்ளது. எவ்வளவு கொடுக்கலாம்? அம்மம்மா இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒருமுறை கொடுத்திருக்கிறார்.

கணக்கு இலகுவானது. 12 × 15 = 180 மில்லிகிராம்; அதற்கு 7.5 மில்லிலீற்றர். ஆனால் இப்போது கொடுக்கக் கூடாது. இரு தடவைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் ஆகாது. வினாவின் கடைசி வசனத்தை வாசியாதவர் கணக்கைச் சரியாகச் செய்தும் விடையில் தவறுவார்.

வினா 4: வயலில் வேலை செய்தவருக்கு இரண்டு நாட்களாகக் கடும் காய்ச்சலும் உடல் நோவும். டெங்கு எனச் சந்தேகம். எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும்?

அஸ்பிரின், இபுபுரோபன், டைக்லோபெனாக் ஆகிய மூன்றையும். இவை இரத்தப்பெருக்கைக் கூட்டும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் இவை ஆபத்தானவை. விவசாயிகளிடையே சிறுநீரக நோய் காணப்படும் எமது பிரதேசத்தில், முதுகு நோவுக்கென்று இக்குளிசைகளை நாளாந்தம் வாங்கி விழுங்குவது கேடு.

பரசிற்றமோலிலும் கணக்கு வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு, அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு, மேல் ஆகாது. மெலிந்தவருக்கும் ஈரல் நோயாளருக்கும் அதிலும் குறைவு. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அதே மருந்து உண்டு. அளவு மீறியவர் முதல் நாளில் சுகமாகத் தோன்றினாலும் ஈரல் பழுதாகலாம். ஆகவே உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வினா 5: புற்றுநோயாளர் நெடுநாள் மோர்பின் எடுக்கிறார். நாட்செல்லக் குறையாத பக்கவிளைவு எது?

குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் குறையும், மலச்சிக்கல் குறையாது. ஆகவே தொடக்கத்திலேயே மலமிளக்கியும் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இம்மருந்தை நோவு முற்றும்வரை காத்திராமல் நேரந்தவறாது கொடுப்பதே முறை. "பழகிப்போகும்" என்று அஞ்சி, வைத்தியர் தந்த குளிசையை அலுமாரியில் ஒளித்துவைக்கும் குடும்பங்கள் உள்ளன. வைத்தியரின் மேற்பார்வையில் நோவுக்காக எடுப்பது வேறு, போதைக்காக எடுப்பது வேறு என்பதை அவர்களுக்கு விளக்குவதும் தாதியின் கடமையே.

பரீட்சை மண்டபத்தில் "முதலில்", "தவிர" ஆகிய சொற்களின் கீழ்க் கோடிடுங்கள். பின்பு கேட்டாயிற்றா, பார்த்தாயிற்றா என்று வினாவுக்குள் தேடுங்கள். நாளை உங்கள் முன் கட்டிலில் கிடக்கப்போகிறவர் எமது ஊரவர் ஒருவராக இருக்கலாம். அவருடைய நோவை நம்பிக் கேட்கும் ஒருவர் வேண்டும்.

கலந்துரையாடுவதற்கு:
1. எமது வீட்டில் நோவை வெளியில் சொல்லாதவர் யார்? ஏன்?
2. வீட்டிலுள்ள குளிசைகளுள் பரசிற்றமோல் அடங்கியவை எவை?
3. 16 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அதே பாணியில் எத்தனை மில்லிலீற்றர்? (விடை: 10)