வீட்டு பிளான் ஃபைலின் அளவைக் குறைப்பது எப்படி?



முன்பெல்லாம் வீடு கட்டணும்னா பிளானைத் தாளில் போட்டு ஆபீசில் கொடுப்போம். இப்போது கட்டட அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறோம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. இதன்படி 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஒற்றைச் சாளர இணையதளம் மூலம் உடனடி அனுமதி பெறலாம். பட்டா, பத்திரத்தோடு பிளானையும் அதில் ஏற்ற வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். "ஃபைல் பெரிசா இருக்கும்மா, ஏறல" என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிவிட்டால் ஏரியூரிலிருந்து பெண்ணாகரத்துக்கோ தருமபுரிக்கோ மறுபடி நடை. ஒருநாள் கூலியும் பஸ் செலவும் போச்சு. அவசரத்தில் கண்டபடி சுருக்கினால் எழுத்து மங்கி 3 அடி 8 அடியாகத் தெரியும். பிளானும் திரும்பி வந்துவிடும். எனவே சரியாகக் குறைக்கும் வழியை நாமும் தெரிந்துகொள்வோம்.

சின்ன வீட்டுக்கு ஏன் பெரிய ஃபைல்?

ஃபைலின் அளவை கே.பி., எம்.பி. என்று சொல்வார்கள். 1,024 கே.பி. சேர்ந்தால் 1 எம்.பி. வீடு பெரிசா சின்னதா என்பதைவிட, ஃபைலுக்குள் என்னென்ன கிடக்கிறது என்பதே முக்கியம். பிளான்களைப் பெரும்பாலும் ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் வரைகிறார்கள். அதில் ஃபைல் பெருக்கக் காரணங்கள்:

1. பழைய சரக்கு: வேறொருவர் வீட்டு பிளானைத் திறந்து அதையே மாற்றி வரைவது உண்டு. பழைய கதவு, ஜன்னல், கட்டில், கார் படங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஃபைலுக்குள் தங்கிவிடும்.

2. கோட்டின் மேல் கோடு: போட்ட கோலத்தின் மேலேயே மறுபடி கோலம் போட்டால் பார்க்க ஒரே கோலம்தான், மாவு மட்டும் இரண்டு பங்கு. பிளானிலும் அப்படியே.

3. நெருக்கமான நிரப்பு கோடுகள்: சுவர், தரையைக் காட்ட நெருக்கமாக இழுத்த ஆயிரக்கணக்கான கோடுகள்.

4. ஒட்டிய படங்கள்: போட்டோ, செயற்கைக்கோள் படம், கம்பெனி முத்திரை போன்றவை.

வரைபவர் செய்ய வேண்டியவை

• 'பர்ஜ்' என்ற கட்டளை கொடுத்தால் பிளானில் பயன்படாத சரக்கு மட்டும் நீங்கும். கேழ்வரகை முறத்தில் புடைப்பது போல, பதர் போகும், தானியம் நிற்கும். வீட்டு அளவுகள் மாறாது.

• 'ஓவர்கில்' கட்டளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும்.

• ஒரே மாதிரி ஜன்னல் பத்து இருந்தால், ஒன்றை 'பிளாக்' ஆக வரைந்து பத்து இடத்தில் வைக்கலாம். ஒரு ஜன்னலின் விவரம்தான் ஃபைலில் சேரும்.

• நிரப்பு கோடுகளை அகலமாக்கலாம். தேவையில்லாத படங்களை எடுத்துவிடலாம்.

ஸ்கேன் வேண்டாம், நேரடி பி.டி.எஃப். கேளுங்கள்

பிளானைப் பிரிண்ட் எடுத்து, அதை மறுபடி ஸ்கேன் செய்து கொடுக்கிறார்கள் சிலர். இது வீண் வேலை. ஏ3 தாளை 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தால் சுமார் 1 கோடியே 74 லட்சம் புள்ளிகள் ஆகிறது. வெள்ளை இடமும் புள்ளிதான். ஆட்டோகேடிலிருந்து நேரடியாக பி.டி.எஃப். எடுத்தால் கோடு கோடாகவே இருக்கும். ஒரு நேர்கோட்டுக்கு அதன் இரண்டு முனைகள் எங்கே என்று குறித்தால் போதும். ஃபைலும் சின்னது, எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் எழுத்து மங்காது.

வேறு வழியே இல்லாமல் தாளைத்தான் ஸ்கேன் செய்யணும் என்றால் கருப்பு வெள்ளையில் 150 டி.பி.ஐ. வைத்துப் பாருங்கள். புள்ளிகள் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் சின்ன எண்கள் தெரிகிறதா என்று கட்டாயம் பார்க்கணும்.

கவனம் தேவை!

• சுருக்கும் முன் மூல ஃபைலை அப்படியே தனியாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்தது நீங்கள். நாளை மாடி கட்டும்போது அது உதவும்.

• வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் தெளிவு குறையும்.

• இலவசமாகச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் பட்டா, பத்திரம், ஆதார் நகல்களை ஏற்ற விடாதீர்கள். அவை யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

• ஒவ்வொரு ஃபைலும் எத்தனை எம்.பி. வரை இருக்கலாம், எந்த வகையில் இருக்கணும் என்பதை விண்ணப்பப் பக்கத்தில் முதலிலேயே பார்த்துவிட்டு வரைபவரிடம் சொல்லுங்கள்.

• பணம் கொடுக்கும் முன் பி.டி.எஃப்.-ஐ உங்கள் செல்போனில் திறங்கள். இருப்பதிலேயே சின்ன எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களால் படிக்க முடிந்தால் அதிகாரியாலும் படிக்க முடியும்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். பர்ஜ் பண்ணீங்களா? நேரடி பி.டி.எஃப். தானே? மூல ஃபைல் எங்கே? இந்த மூன்று கேள்வியைக் கேட்க யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் காட்டுங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் இந்த ஆண்டு வீடு கட்டப் போகிறவர்கள் யார் யார்?
2. ஏற்கெனவே கட்டியவர்களிடம் பிளானின் மூல ஃபைல் இருக்கிறதா?
3. பர்ஜ் செய்தால் வீட்டின் அளவு ஏன் மாறாது? ஒரு உறுப்பினர் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லவும்.