முழுக் கச்சேரியையும் அனுப்பாதே!

ஒரு கச்சேரி பிடிச்சுப்போச்சுன்னா உடனே மூணு மணி நேரத்தையும் அப்படியே வாட்ஸ்அப்ல தள்ளிட்டு, "கேளு, சூப்பர்"னு ஒரு வரி போடுறே பாரு, அதை முதல்ல நிறுத்துடி தங்கச்சி. வாங்கினவங்க "அப்புறம் கேக்குறேன்"னு சொல்லுவாங்க. அந்த அப்புறம் வரவே வராது.

ஒரே ஒரு உருப்படி அனுப்பு. புதுசாக் கேக்குறவங்களுக்குப் பழைய இசைத்தட்டுதான் நல்லது. 78 சுற்றுத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் இடம். ராஜரத்தினம் பிள்ளையோட நாகஸ்வரத் தோடியா இருந்தாலும் தட்டுக்குள்ள சுருங்கித்தான் ஆகணும். பஸ்ல போறப்பவே கேட்டு முடிச்சிடலாம்.

ஆளைப் பார்த்தும் கொடுக்கணும். விறுவிறுப்பு கேக்குற பையனுக்கு ஜி.என்.பி.யோட பிருகா சரி. எம்.டி. ராமநாதனை முதல் நாளே கொடுத்துடாதே. டைகர் வரதாச்சாரியாரோட சிஷ்யர். கனமான குரல், ரொம்பக் கீழான சுருதி, நிதானத்திலும் நிதானமான காலப்பிரமாணம். பழகாத காது, "எப்ப அடுத்த வரிக்குப் போவார்"னு தவிக்கும். ராத்திரி வேலையெல்லாம் முடிச்சு உக்காந்தவங்களுக்கு அவரோட சஹானாவை அனுப்பு. போன் ஸ்பீக்கர்ல மந்திர ஸ்தாயி பாதி காணாமப் போயிடும், இயர்போன் போடச் சொல்லு.

"தெய்விகம்", "வேற லெவல்"னு எழுதினா பேச்சு அங்கேயே முடிஞ்சுது. "பதினோராவது நிமிஷத்துல நிரவல் ஆரம்பம், வயலின் சொல்ற பதிலைக் கேளு"ன்னு இடத்தைச் சுட்டி எழுது. ஒரே கீர்த்தனையை ரெண்டு பேர் பாடினது கிடைச்சா அடுத்தடுத்து அனுப்பு, பேச விஷயம் தானா வரும். செம்மங்குடி பெரியவரா மதுரை மணி பெரியவராங்கிற சண்டைக்கு மட்டும் போகாதே. அதுல இதுவரைக்கும் யாரும் ஜெயிச்சதில்ல.

தனி ஆவர்த்தனத்தை வெட்டாதே. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிச்ச கச்சேரியிலயே தனியை நீக்கிட்டு அனுப்புற புண்ணியவான்கள் இருக்காங்க, எனக்குப் பொறுக்கறதில்ல.

பழைய டேப்புலேர்ந்து ஏத்தினதுன்னா வேகத்தைக் கவனி. மாத்தி ஏத்துறப்ப டேப் வேகமா ஓடியிருந்தா சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே ஏறும். தம்புராவைச் சுருதிப்பெட்டியோட ஒப்பிட்டுப் பாரு. அந்தப் பாடகர் வழக்கமாப் பாடுற கட்டைக்கு அரைக் கட்டை மேல நின்னா சந்தேகப்படு. அது தெரியாம, "சின்ன வயசுல என்ன வேகம் பாரு!"ன்னு வியக்கிறவங்க உண்டு.

கோப்புக்கு "ட்ராக் 03"னு பேர் விட்டுடாதே. பாடினவர், பக்கவாத்தியம், ராகம், தாளம், இயற்றினவர் எல்லாம் வேணும். வருஷமும் சபாவும் உறுதியாத் தெரிஞ்சா மட்டும் போடு. மிருதங்கம் யாருன்னு தெரியலையா, ஊகிச்சு எழுதாம இடத்தைக் காலியா விடு. நாலு சொல் கேட்டதுமே வாசிக்கிறவர் பேரைச் சொல்லிடுற மாமா ஒருத்தர் எல்லாக் குடும்பத்துலயும் இருப்பார், அவருக்குப் போன் போடு.